மேட்டு ஊரில் எலெக்ட்ரிக் கார்: ராத்திரி சார்ஜை எதில் நிறுத்துவது?

மொரீஷியஸில் மேட்டு ஊரான க்யூர்பிப் பக்கம் குடியிருந்து தினமும் கடலோரத் தலைநகர் போர்ட் லூயிக்கு வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரி காரை 100 சதவீதம் ஏற்றிவிட்டுப் படுக்காதீர்கள். காலையில் துறைமுகம் வரை ஏறக்குறைய 550 மீட்டர் இறக்கம். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும், ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அதற்கு இடம் ஏது? மோட்டார் பிடிக்காது, வேலை முழுக்க பிரேக் தலையில் விழும். 1,700 கிலோ காரை அந்த உயரத்துக்கு ஏற்றவே சுமார் 2.5 யூனிட் செலவாகிறது, இறங்கும்போது அதில் நல்ல பங்கு திரும்ப வரும், அதை விடலாமா? 80-ல் நிறுத்துங்கள். தீவின் நீளமே 65 கிலோமீட்டர்தான், தாராளமாகப் போதும்.

உங்கள் காரில் இருப்பது எல்.எஃப்.பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் சதவீதக் கணக்கு சரியாகக் காட்ட அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். அதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் ப்ளக்கில் 10 ஆம்பியரில் ஏற்றினால் மணிக்கு 2.3 யூனிட், எட்டு மணி நேரத்தில் 18. நூறு கிலோமீட்டர் ஓடும். ஆனால் எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். என் அம்மா வீட்டில் அப்படி ஒரு வாரம் ஏற்றினோம், ப்ளக்கின் ஓரம் டீ நிறத்துக்கு மாறி, ஒரு முனை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் கழித்து ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள்: இளஞ்சூடு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஜப்பானில் இருந்து வந்த பழைய நிசான் லீஃப் வாங்குகிறீர்களா? டேஷ்போர்டில் வலது ஓரம் 12 சின்னக் கட்டங்கள் இருக்கும், பேட்டரி தேயத் தேய அவை குறையும், கிலோமீட்டரை விட முதலில் அதை எண்ணுங்கள். அந்த பேட்டரியைக் குளிர்விக்க திரவம் கிடையாது, அதனால் வெயில் அதற்கு ஆகவே ஆகாது. காவடி அன்று கத்ர் போர்ன் மலைக் கோயிலுக்குப் போனால் கொஞ்சம் நடக்க நேர்ந்தாலும் நிழலில் விடுங்கள்.

அப்புறம் புயல். முதல் எச்சரிக்கை வந்ததுமே முழுசாக ஏற்றிவிட்டு, காற்று வலுப்பதற்குள் வயரைக் கழற்றிவிடுங்கள். காரை மேட்டில் நிறுத்துங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்து போனதைப் பார்த்தோமே! உள்ளே தண்ணீர் ஏறிய காரை, காய்ந்துவிட்டதே என்று சார்ஜில் போடாதீர்கள், விவரம் தெரிந்த மெக்கானிக் பார்க்கும் வரை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, வெட்ட வெளியில் நிற்கட்டும்.