வழிகாட்டியோடு மழைக்காட்டுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரில் நம் குடும்பங்கள் பல இப்போது காட்டுப் பக்கம் கிளம்புகின்றன. ஊரிலிருந்து உறவினர் வந்தாலும் செந்தோசா, தேக்கா, விலங்கியல் தோட்டம் எல்லாம் சுற்றிக் காட்டியபின் "ஒருநாள் புக்கித் தீமா காட்டுக்குப் போகலாமே" என்கிறார்கள். சிலர் காடு தெரிந்த வழிகாட்டி ஒருவருக்குப் பணம் கட்டி அவரோடு நடக்கிறார்கள். இன்னும் சிலர் பாலம் தாண்டி மலேசியாவின் எண்டாவ் ரொம்பின், தாமான் நெகாரா காடுகள் வரை போய்வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் திரும்பி வந்து "ஒன்றுமே பார்க்கவில்லை, வெறும் மரந்தான்" என்று சலித்துக்கொள்கிறவர்களும் நிறைய. வழிகாட்டியை எதற்காகக் கூட்டிப்போகிறோம் என்ற குழப்பத்திலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

பதிவு செய்வதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது. "என்னென்ன விலங்கு காட்டுவீர்கள்?" என்று கேட்பது. மழைக்காட்டு உயிரினங்களில் பெரும்பகுதி இரவில் நடமாடும், அல்லது தலைக்கு மேலே இலைக்கூட்டத்துக்குள் இருக்கும். எறும்புத்தின்னி நம் காடுகளில் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்து ஒருமுறைகூட அதைப் பார்க்காதவர்கள்தான் அதிகம். ராஃபிள்ஸ் பட்டைக் குரங்கு இந்தத் தீவு முழுக்க நூறைத் தொடாது. ஆகவே "கண்டிப்பாகக் காட்டுகிறேன்" என்று ஒருவர் உறுதி கொடுத்தால் நான் சந்தேகப்படுவேன். அந்த உறுதியைக் காப்பாற்ற அவர் இரை வைக்க வேண்டும், பறவைக் குரலை ஒலிபரப்ப வேண்டும், அல்லது நெருங்கக்கூடாத தூரத்துக்கு உங்களை நெருக்கிக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "எந்த விலங்கும் கண்ணில் படாவிட்டால் என்ன காட்டுவீர்கள்?" காடு தெரிந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் உற்சாகமாகிவிடுவார்.

அவர் சொல்லக்கூடியதில் ஒன்று அத்தி. மற்ற மரத்தைச் சுற்றி நெரித்து வளரும் அத்தி வகைகள் இங்கே உண்டு. ஊரில் பனைமரத்தின் மேல் ஆலமரம் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். பறவை எச்சத்தில் வந்த விதை உச்சிக் கிளையில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, ஆண்டுக்கணக்கில் தாங்கும் மரத்தைச் சூழ்ந்துகொள்கிறது. "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்பார்கள். உள்ளே இருக்கும் பூச்சிகள் இல்லாவிட்டால் அத்தி மரமே இல்லை. கொசுவைவிடச் சிறிய பெண் குளவி ஒன்று காயின் முனையில் உள்ள ஊசித்துளை வழியே நுழைகிறது. நெருக்கி நுழைவதில் பெரும்பாலும் இறக்கையே பிய்ந்துபோகும். உள்ளே கவிழ்ந்திருக்கும் பூக்களில் மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகிறது. அதன் குஞ்சுகளில் ஆண்களுக்கு இறக்கை கிடையாது. அவை துளை போட்டுக் கொடுக்க, பெண்கள் மகரந்தத்தோடு அடுத்த மரத்தைத் தேடிப் பறக்கின்றன. ஒவ்வொரு வகை அத்திக்கும் பெரும்பாலும் அதற்கென்றே ஒரு குளவி இனம்.

இது ஏன் முக்கியம்? இந்தக் காட்டின் பெரிய மரங்களான செராயா, மெராந்தி போன்றவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே பருவத்தில், கூட்டமாகக் காய்த்து இறக்கை வைத்த விதைகளைச் சுழலவிடும். இடைப்பட்ட காலத்தில் பழந்தின்னிகளுக்குச் சோறு போடுவதில் அத்திக்குப் பெரிய பங்கு. வெவ்வேறு அத்தி மரங்கள் வெவ்வேறு நேரத்தில் பழுப்பதால், காட்டில் எங்கோ ஒன்று எப்போதும் பழுத்திருக்கும். வழிகாட்டி அத்தியின் அடியில் நின்று பேசத் தொடங்கியதும் "சரி சரி, குரங்கு எங்கே?" என்று முன்னால் நடந்துவிடுகிறவர்கள் இழப்பது இதைத்தான். குரங்கும் பச்சைப்புறாவும் வரக்கூடிய இடமும் அந்த மரந்தான். பழுத்த அத்தியின் கீழ் அரை மணி நேரம் சத்தமில்லாமல் நிற்பது, மூன்று கிலோமீட்டர் வேகமாக நடப்பதைவிடப் பலன் தரும். என் அனுபவத்தில் இதற்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அடுத்தது பறவைக் குரல். கைத்தொலைபேசியில் பதிவுசெய்த குரலைப் போட்டால் பறவை பறந்து வரும், உண்மைதான். தன் எல்லைக்குள் போட்டிக்காரன் நுழைந்துவிட்டான் என்று பதறித்தான் அது வருகிறது. தீனி தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. ஒரு குழு போய் அடுத்த குழு வந்து அதே இடத்தில் அதையே செய்தால் அதன் நிலை என்ன? வைக்கோல் நிறத் தலை கொண்ட சின்னான் பறவையை அதன் இனிய குரலுக்காகவே பிடித்துப் பிடித்து மற்ற நாடுகளில் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டார்கள். அதற்கு மிஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடங்களில் சிங்கப்பூரும் அதன் உபின் தீவும் உண்டு. அதன் முன்னால் ஒலிபெருக்கியைப் பிடிக்கும் வழிகாட்டி, எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும், எனக்கு வேண்டாம்.

கூட்டைச் சுற்றிக் கூடுவது இதைவிட மோசம். இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வால்பாறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்த பறவைக் குடும்பந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரை விட்டே மறைந்துபோன இந்தப் பறவை 1994இல் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. செயற்கைக் கூடுகள் வைத்து, பல ஆண்டு உழைப்பில்தான் எண்ணிக்கை கூடியது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொண்டு, அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விடும். அது வெளியே வரும்வரை ஆண்தான் இரை கொண்டுவர வேண்டும். கூட்டுக்குக் கீழே இருபது பேர் கேமராவோடு நின்றால் ஆண் பக்கத்து மரத்திலேயே காத்திருக்கும். உள்ளே தாயும் குஞ்சும் பசியோடு இருக்கும். நல்ல வழிகாட்டி தூரத்திலிருந்து தொலைநோக்கியில் காட்டிவிட்டு, சில நிமிடங்களில் உங்களை நகர்த்திவிடுவார். "இன்னும் ஒரே ஒரு படம்" என்று அவரை மல்லுக்கு இழுக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

குரங்குக்குத் தீனி போடுவது தவறென்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு பிஸ்கட்தானே என்று கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2020 ஜூன் முதல் சிங்கப்பூரில் எந்தக் காட்டு விலங்குக்கும் உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கையில் ஆட்டிக்கொண்டு போகும் பிளாஸ்டிக் பை. நீளவால் குரங்குக்கு அந்தச் சரசரப்பே சாப்பாடு என்று பழகிவிட்டது. தண்ணீர், ரொட்டி எல்லாவற்றையும் ஜிப் உள்ள முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். குரங்கு நெருங்கினால் முறைக்காமல், பல்லைக் காட்டாமல், ஓடாமல் மெதுவாக நகருங்கள். நாம் சிரிப்பது அதற்கு மிரட்டலாகத் தெரியலாம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் விலையை மட்டும் பார்ப்பதும் உண்டு. சுற்றுப்பயணிகளைச் சம்பளத்துக்கு வழிநடத்துகிறவருக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். மலேசியாவில் இயற்கை வழிகாட்டிகளுக்குப் பச்சை அட்டை உண்டு. அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் உரிமம் இருப்பதும் காடு தெரிவதும் ஒன்றல்ல. எத்தனை பேரைச் சேர்த்து அழைத்துப் போகிறார் என்று கேளுங்கள். பத்துப் பேரைத் தாண்டினால் கடைசியில் நடப்பவருக்கு ஒன்றும் கேட்காது. எண்டாவ் ரொம்பினில் அந்தக் காட்டிலேயே தலைமுறைகளாக வாழும் ஜக்கூன் மக்களில் ஒருவர் உடன் வர வாய்ப்பிருந்தால் அதை விடாதீர்கள். அவர்கள் வீட்டையும் பிள்ளைகளையும் கேட்காமல் படமெடுக்கவும் வேண்டாம்.

விலங்குகளைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, இந்த இடம் எப்படித் தப்பியது என்று கேட்காமல் விடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. புக்கித் தீமா 1883லேயே காப்புக்காடானது. 1854இல் இங்கே தங்கிய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார், பெரும்பாலானவை ஒரு சதுர மைல் பரப்புக்குள்ளேயே. சுங்கை பூலோ சதுப்புநிலத்தைக் காக்கச் சொல்லி 1980களில் குரல் கொடுத்த பறவை ஆர்வலர்களில் ஒருவர், 2019இல் மறைந்த வழிகாட்டி சுபராஜ் ராஜதுரை. நம் பிள்ளைகள் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? காட்டில் நடக்கும் மூத்த வழிகாட்டிகள் பலரிடம் இப்படிப்பட்ட வரலாறு இருக்கிறது, கேட்டால்தான் வரும்.

அப்புறம் நேரமும் வழியும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் காட்டுக்குள் நுழைந்தால் பறவைகள் அடங்கிவிட்டிருக்கும். புக்கித் தீமா காப்பகம் காலை 7 மணிக்குத் திறக்கும், மாலை 7 மணிக்கு மூடும். அதனால் அதற்குள் "இரவு நடை" என்று யாராவது விளம்பரம் செய்தால் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டின் மரவுச்சிப் பாலம் 250 மீட்டர் நீளந்தான். ஆனால் நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து அதற்கு நடந்து போய்த் திரும்ப மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். பாலம் ஒருவழிப் பாதை, பாதியில் திரும்ப முடியாது; பொது விடுமுறை தவிர மற்றத் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். அம்மா அப்பாவை, முழங்கால் வலி உள்ளவர்களை முதல் முறையே அங்கே இழுத்துப் போகாதீர்கள். பூமலைக்குள்ளேயே, தாவரவியல் தோட்டத்தில், ஏறக்குறைய 6 ஹெக்டர் மழைக்காடு இருக்கிறது. நடை சுலபம், மரங்களும் அசல்.

பூச்சி மருந்து பூசும்போது ஒன்றைக் கவனியுங்கள். டீட் என்ற ரசாயனம் கலந்த மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும். பூசிய கையோடு வழிகாட்டியின் தொலைநோக்கியை வாங்கினால் அவருடைய பிழைப்புக் கருவி பாழாகும். தவளைக்கோ இன்னும் ஆபத்து. அதன் தோல் எதையும் உறிஞ்சும். மருந்துக் கையால் தொடவே கூடாது, மருந்தில்லாத கையாலும் தொடத் தேவையில்லை.

மலேசியக் காட்டுக்குப் போகும்போது அட்டைக்கென்று உப்புப் பொட்டலம் கொண்டுபோகும் பழக்கம் நம்மிடம் உண்டு. உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். துன்புறுத்தினால் அட்டை வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம். அட்டையின் இரு முனைகளில் மெலிந்த முனைதான் வாய். அங்கே நகத்தை வைத்துத் தோலோடு ஒட்டித் தள்ளினால் பிடி விட்டுவிடும், பிறகு பருத்த முனையையும் அப்படியே தள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிடுவதால் கசிவு கொஞ்ச நேரம் நிற்காது. கழுவி, அழுத்தி, துணி கட்டினால் போதும். நெருக்கமாக நெய்த நீண்ட அட்டைக் காலுறை இருந்தால் இந்த வேலையே பெரும்பாலும் வராது.

வழிகாட்டி "திரும்பலாம்" என்றால் திரும்ப வேண்டும். சுமத்ராவிலிருந்து வரும் புயல்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் அடிக்கும். அரை மணியில் வானம் இருண்டு, பலத்த காற்றில் பட்ட கிளைகள் முறிந்து விழும். மின்னலும் இங்கே அதிகம். "காசு கொடுத்தாச்சே, உச்சிக்குப் போய்விட்டு வந்துவிடலாம்" என்று வற்புறுத்துகிறவர்கள் அவரை இக்கட்டில் தள்ளுகிறார்கள். புக்கித் தீமா உச்சியை அடைந்தாலும் 163 மீட்டர்தான், அது அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

வழியில் அடிபட்ட பறவையோ தனியாகக் கிடக்கும் குட்டியோ கண்ணில் பட்டால் இரக்கத்தில் தூக்கிவிடாதீர்கள். பல நேரம் தாய் பக்கத்திலேயே இருக்கும். வழிகாட்டியிடம் சொல்லுங்கள், தேசியப் பூங்காக் கழகத்துக்கோ ஏக்கர்ஸ் என்ற விலங்குநல அமைப்பின் மீட்புக் குழுவுக்கோ அவர் தகவல் கொடுப்பார். அவர்கள் வரும்வரை பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மற்றவர் யாரும் நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.