ஆட்குறைப்புக்குப் பின் ஊழியர்களின் நம்பிக்கையை மீட்பது எப்படி?

ஆட்குறைப்பு முடிந்த மறுநாளே உற்சாகமூட்டும் கூட்டம் நடத்துவதைத் தலைமை தவிர்க்க வேண்டும்; எஞ்சியிருக்கும் ஊழியர்கள் அப்போது எதிர்பார்ப்பது விளக்கத்தைத்தான். எந்த அளவுகோலின்படி ஆட்கள் விடுவிக்கப்பட்டார்கள், அடுத்த சுற்று உண்டா என்பவற்றுக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள். முடிவாகாத விஷயத்தை முடிவாகவில்லை என்றே கூறி, அடுத்த தகவல் வரும் நாளைக் குறிப்பிட்டு, புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த நாளில் தவறாமல் பேசுங்கள்.

மேலாண்மைத் துறை ஆய்வாளர்களான மேயர், டேவிஸ், ஷூர்மன் ஆகிய மூவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒருவர் நம்பத்தக்கவராகக் கருதப்படுவதற்குத் திறமை, நல்லெண்ணம், நேர்மை ஆகிய மூன்றைக் காரணமாகக் காட்டுகிறது. பெருநிறுவனங்களில் பின்னிரண்டில்தான் விரிசல் விழுகிறது என்பது என் கணிப்பு. ஆகவே செலவுக் குறைப்பை உயர் அதிகாரிகளின் சலுகைகளிலிருந்து தொடங்குங்கள்.

கருத்துக்கணிப்பு நடத்தினால், பெயர் வெளிவராது என்ற வாக்கைக் காப்பாற்றுங்கள்: மிகச் சிறிய குழுக்களின் பதில்களைத் தனியாகப் பிரித்துக் காட்டாதீர்கள். முடிவுகளை, கசப்பானவை உட்பட, சில வாரங்களுக்குள் வெளியிட்டு, எதைச் சரிசெய்வீர்கள், எதை இப்போது செய்ய இயலாது, ஏன் என்பதையும் எழுதுங்கள். குழுத் தலைவர்களுக்கு இவற்றை ஒரு நாள் முன்னதாகவே தெரிவித்துவிடுங்கள். ஊழியர்கள் முதலில் கேள்வி கேட்பது அவர்களிடம்தான்.