சிரிஞ்ச் பம்ப் செய்வோம்: உயிரியல் மாணவர்களுக்கு ஆட்டோமேஷன் முதல் பாடம்

பாளையங்கோட்டையில் முதுகலை உயிரியல் மாணவர்களுக்கு ஆட்டோமேஷன் சொல்லிக்கொடுக்கும்போது, முதலில் சிரிஞ்ச் பம்ப்தான் செய்யச் சொல்வேன்: சிரிஞ்சின் பிஸ்டனை மோட்டாரால் தள்ளி, திரவத்தை அளவாக வெளியேற்றும் கருவி. பிப்பெட் ரோபோ பிறகு வரட்டும். அதற்குள்ளும் மோட்டார்தான் பிஸ்டனைத் தள்ளுகிறது.

வேண்டியவை: அர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஓடும் சின்ன கண்ட்ரோல் போர்டு), நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார் (அடி அடியாகச் சுற்றும் மோட்டார்), ஏ4988 டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் போர்டு), 12 வோல்ட் அடாப்டர், டி8 லீட் ஸ்க்ரூ (சுற்றும்போது தன் மேலுள்ள நட்டை நகர்த்தும் மரைத் தண்டு; நட்டோடு நகரும் கட்டைதான் பிஸ்டனைத் தள்ளும்), 10 மில்லி சிரிஞ்ச். வயர் இணைப்புப் படங்கள் எங்கும் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கரண்ட் ஓடும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால் டிரைவர் போய்விடும்.

அடுத்து கணக்கு. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்) எடுத்துவைக்கும். டிரைவரில், அடியை எத்தனையாகப் பிரிப்பது என்று சொல்லும் எம்எஸ் பின்கள் மூன்றையும் 5 வோல்ட்டில் கொடுத்தால், ஒவ்வொரு அடியும் 16 ஆகப் பிரிந்து, ஒரு சுற்றுக்கு 3,200 சின்ன அடி ஆகும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த இடத்தில். ஸ்க்ரூவில் அடுத்தடுத்த மரைகளுக்கு நடுவே 2 மிமீ இடைவெளி. ஒரு சுற்றுக்கு நட்டும் 2 மிமீ நகரும் என்று கணக்குப் போட்டேன். ஒரு மில்லி தண்ணீர் கேட்டால் தராசு ஏறக்குறைய 4 கிராம் காட்டியது. "சார், நாலு மடங்கு வந்துட்டு" என்றாள் ஒரு மாணவி. புரோகிராமை இரண்டு நாள் துருவினோம். பிழை அதில் இல்லை. ஸ்க்ரூவின் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலான டி8-இல் நான்கு மரைகள் தனித்தனியாகத் தொடங்கும். அதனால் ஒரு சுற்றுக்கு நட்டு 8 மிமீ போகும். நட்டை ஒரு சுற்று சுற்றி, ஸ்கேல் வைத்து அளந்துவிடுவதே நல்லது.

சிரிஞ்சின் உள்விட்டம் 15 மிமீ என்றால், ஒரு சுற்றுக்குச் சுமார் 1.41 மில்லி, ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 2,263 சின்ன அடி. உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்.

சரி, இனி தராசு. காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் ஏற்றி, கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். திசை மாறும்போது நட்டில் இருக்கும் ஆட்டம் முதல் அளவைக் கெடுக்கும். பத்து முறை ஒரு மில்லி தள்ளி, ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். நம்மூர் வெயிலில், 30 டிகிரியில், ஒரு மில்லி தண்ணீர் 0.996 கிராம்தான்.

பின்சேர்க்கை: கரண்ட் போய் வந்தால் பிஸ்டன் எங்கே நின்றது என்று அர்டுயினோவுக்குத் தெரியாது. ஒரு முனையில் லிமிட் சுவிட்ச் (கட்டை முட்டினால் அர்டுயினோவுக்குச் சொல்லும் சுவிட்ச்) வைத்து, தொடங்கும்போதெல்லாம் சிரிஞ்சைக் கழற்றிவிட்டு, தள்ளும் கட்டையை அங்கே போய் முட்டித் திரும்பச் செய்யுங்கள்.