பேஸ்பால் பேட்டிங் வரிசையைக் கீழிருந்து படிப்பது எப்படி?

பேஸ்பால் பார்க்கத் தொடங்குபவர்கள் அணிப் பட்டியலில் முதலில் தேடுவது நட்சத்திரத்தின் பெயரைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஓர் அணி நிலையாக ரன் எடுக்குமா என்று தெரிய வேண்டுமானால், ஒன்பதாவது பெயரில் தொடங்கி மேலே வர வேண்டும். ஒரு தாள், ஒரு பேனா, கொஞ்சம் பெருக்கல் போதும்.

படி 1: ஒன்பது பெயர்களையும் வட்டமாக எழுதுங்கள்

கிரிக்கெட்டில் வால் பகுதி ஆட்டக்காரர்களுக்குப் பல நாள்கள் மட்டையைத் தொடும் வேலையே வராது. பேஸ்பாலில் அப்படி யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. மூன்று பேர் அவுட்டானால் அந்த இன்னிங்ஸ் முடிகிறது. அடுத்த இன்னிங்ஸ், விட்ட இடத்துக்கு அடுத்த பெயரிலிருந்து தொடங்குகிறது. ஒன்பதாமவருக்குப் பின் மறுபடியும் முதலாமவர். ஒன்பது இன்னிங்ஸும் ஆடினால் 27 அவுட். ஆகவே வரிசை மூன்று சுற்றாவது வரும், பெரும்பாலும் நான்கு சுற்று. பலவீனமானவரும் அத்தனை முறை வந்து நிற்பார்.

படி 2: ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு எண்கள்

முதல் எண் ஆன்-பேஸ் விகிதம்: அடித்தோ, நான்கு தவறான பந்துகளால் 'வாக்' பெற்றோ, உடலில் பந்து பட்டோ எத்தனை முறை பேஸை (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய தளங்களில் ஒன்றை) அடைகிறார் என்பது. இரண்டாவது ஸ்லக்கிங்: ஒற்றை அடிக்கு 1, எல்லா பேஸ்களையும் ஒரே அடியில் சுற்றிவரும் ஹோம் ரன்னுக்கு 4 என்று பேஸ்களைக் கூட்டி எடுக்கும் சராசரி. வெறும் பேட்டிங் சராசரியை எழுதிக்கொண்டு நின்றுவிடாதீர்கள். அது 'வாக்' பெறும் திறமையைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

படி 3: கடைசி மூவரைப் பெருக்குங்கள்

முக்கியமான படி இதுதான். கடைசி மூவரின் ஆன்-பேஸ் விகிதம் தலைக்கு 0.280 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அவுட்டாகும் வாய்ப்பு 0.72. மூவரும் வரிசையாக அவுட்டாக 0.72 × 0.72 × 0.72, அதாவது சுமார் 37 சதவீதம். அதே மூவர் 0.330 எடுப்பவர்களாக இருந்தால் இது 30 சதவீதமாக இறங்கும். ஏழு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அவர்கள் பேஸில் நிற்கும்போது அடுத்து வருபவர் அணியின் சிறந்த பேட்டர்.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் 2023 அட்லாண்டா பிரேவ்ஸ் அணியைப் பாருங்கள். 0.331 ஆன்-பேஸ் விகிதம் வைத்திருந்த மைக்கேல் ஹாரிஸ் பல ஆட்டங்களில் ஒன்பதாம் இடத்தில் ஆடினார். அவருக்குப் பின் முதலிடத்தில் ரொனால்ட் அகூனா. ஆட்டத்தின் முதல் பந்தைச் சந்திக்கும்போது அவருக்கு முன்னால் பேஸில் யாருமே இருக்க மாட்டார்கள். அப்படியும் அவர் அடித்துக் கொண்டுவந்த ரன்கள் 106! கீழே இருந்தவர்கள் பேஸில் ஏறி நிற்காமல் இது நடக்காது. அந்த அணியில் ஐந்து பேர் 30-க்கு மேல் ஹோம் ரன் அடித்தார்கள். அணியின் மொத்தம் 307. ஒரே சீசனில் அதிக ஹோம் ரன் என்று 2019-இல் மின்னசோட்டா ட்வின்ஸ் அணி படைத்த சாதனைக்குச் சமம்.

படி 4: நட்சத்திரத்துக்குப் பின்னால் யார்?

பின்னால் நல்லவர் இருந்தால் முன்னவர் இன்னும் நன்றாக அடிப்பார் என்ற பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: அடுத்தவரைப் பற்றிப் பயமில்லையென்றால் எதிரணி நட்சத்திரத்துக்குப் பந்தே போடாது. 2004-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் பாரி பாண்ட்ஸை வேண்டுமென்றே 'வாக்' கொடுத்து 120 முறை அனுப்பினார்கள்.

இரண்டு நட்சத்திரங்கள் இருந்தால்? 2022 ஏஞ்சல்ஸ் அணியில் மைக் ட்ரௌட் 40, ஷோஹே ஓடானி 34 ஹோம் ரன் அடித்தார்கள். அணி 73 வெற்றி, 89 தோல்வி. அந்தத் தாளில் மற்ற ஏழு பெயர்களையும் எழுதிப் பாருங்கள், புரிந்துவிடும்.

படி 5: ஆண்டைக் கவனியுங்கள்

பழைய பட்டியல்களை வைத்துப் பயிற்சி செய்தால் ஓர் எச்சரிக்கை. பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) பதிலாக மட்டை பிடிக்கத் தனி ஆட்டக்காரர் என்ற விதி, அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் 1973-இலேயே வந்தது. மற்றொன்றான நேஷனல் லீக்கில் 2022-இல்தான் நிலைத்தது. அதற்கு முன் அங்கே ஒன்பதாமவர் பெரும்பாலும் பிட்சர். அந்த எண்ணைப் பார்த்து அணியை மட்டமாக எடை போடாதீர்கள்.

படி 6: தாளை முழு சீசனுக்கு வைத்திருங்கள்

ஒற்றை ஆட்டத்தின் முடிவைச் சொல்ல இந்தக் கணக்கு உதவாது. அதே 2023 பிரேவ்ஸ் 162 ஆட்டங்களில் 104-ஐ வென்றது. அக்டோபரில் நடந்த நாக்-அவுட் சுற்றில் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்கு எதிராக நான்கு ஆட்டங்களில் மொத்தம் 8 ரன் எடுத்து வீட்டுக்குப் போனது.