டேப்பும் கயிறும் கொண்டு வடிவியல் பழகுதல்

பரப்பளவுக்கான சூத்திரங்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, டேப்பைக் கையில் கொடுத்து வீட்டுத் தோட்டத்தை அளந்து வரச் சொன்னால் தடுமாறுவதுண்டு. நோட்டில் வரைந்த செவ்வகத்தில் அளவுகள் முன்பே எழுதப்பட்டிருக்கும். தரையிலோ எதை அளப்பது என்பதையே நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே பயிற்சியைத் தரையிலேயே தொடங்குவது நல்லது. அதற்கு ஓர் இரும்பு டேப், இழுத்தால் நீளாத கயிறு, நான்கைந்து முளைக்குச்சிகள் ஆகியவை போதும்.

முதலில் டேப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நுனியிலுள்ள கொக்கி லேசாக ஆடும். அதைப் பழுது என்று எண்ணிச் சுத்தியலால் தட்டி இறுக்கியவர்களில் நானும் ஒருவன். உண்மையில் அந்தக் கொக்கி தன் தடிமன் அளவுக்கே நகரும்படி செய்யப்பட்டிருக்கிறது: பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது வெளியே நகர்ந்தும், சுவரில் முட்டவைக்கும்போது உள்ளே சென்றும், இரண்டு நிலையிலும் அளவைச் சரியாகக் காட்டுகிறது.

செங்கோணம் அமைப்பதற்கு, மனையில் நூல் பிடிக்கும் கொத்தனார் செய்வதையே செய்யலாம். மூலையில் ஒரு முளை அடித்து, அதிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடியிலும் மற்றொன்றில் 4 அடியிலும் குறியிட்டு, இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி வரும்வரை ஒரு கயிற்றை நகர்த்தினால் மூலை செங்கோணமாகிவிடும். இடமிருந்தால் 6, 8, 10 அடியாக வைத்துக்கொண்டால் பிழை இன்னும் குறையும். நான்கு பக்கமும் அமைந்த பின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் வேறுபட்டால், அது செவ்வகமன்று, சாய்ந்த இணைகரம்.

கோணலான நிலத்தில்தான் உண்மையான பயிற்சி இருக்கிறது. வரிசையாக 26, 40, 34, 20 அடிப் பக்கங்கள் கொண்ட ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்குவது பலருடைய வழக்கம். அப்படிச் செய்தால் 26, 34 ஆகியவற்றின் சராசரி 30; 40, 20 ஆகியவற்றின் சராசரியும் 30; ஆக 900 சதுர அடி என்று வரும். இது தவறு. நான்கு பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாற்கரத்தின் பரப்பைச் சொல்லவே முடியாது. அதே பக்கங்களோடு அதை ஒரு புறமாகச் சாய்த்துவிட்டால் பரப்பு மாறிவிடும். ஆகவே 26 அடிப் பக்கமும் 20 அடிப் பக்கமும் சேரும் மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கயிறு கட்டி, அந்த மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். இங்கே அது 42 அடி. பிறகு மற்ற இரண்டு மூலைகளிலிருந்தும் கயிற்றுக்குச் செங்குத்தாக உள்ள தூரத்தை அளந்தால் 24 அடியும் 16 அடியும் கிடைக்கும். இரண்டையும் கூட்டி, 42-ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 840 சதுர அடி. சராசரிக் கணக்கு 60 சதுர அடியைக் கூட்டிச் சொல்லிவிட்டது. செவ்வகம் தவிர்த்த எந்த நாற்கரத்திலும் அது கூட்டித்தான் சொல்லும், ஒருபோதும் குறைத்துச் சொல்லாது. மனை வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி என்பதால், இந்தத் தோட்டம் இரண்டு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. சராசரிக் கணக்கிலோ இரண்டு சென்ட்டைத் தாண்டியிருக்கும். தமிழக நில அளவைப் புலப்படங்களிலும் நிலத்தைக் குறுக்குக் கோடுகளால் முக்கோணங்களாகப் பிரித்திருப்பதைக் காணலாம்.

வட்டத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பளவு வந்துவிடும். 28 செ.மீ. விட்டமுள்ள தட்டைச் சுற்றி நூல் வைத்தால் ஏறத்தாழ 88 செ.மீ. வரும், 44-ஐ 14-ஆல் பெருக்க, 616 சதுர செ.மீ. விட்டத்தை அளக்கும்போது நடுப்புள்ளியைத் தேட வேண்டியதில்லை. டேப்பின் ஒரு நுனியை விளிம்பில் நிறுத்தி மறுபுறத்தை மெல்ல நகர்த்தினால், கிடைக்கும் மிகப் பெரிய அளவே விட்டம். மரத்தின் குறுக்கே டேப்பை நுழைக்க வழியில்லை என்பதால், அங்கே சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுத்துக்கொள்ளலாம்: 157 செ.மீ. சுற்றுள்ள வேப்பமரத்தின் விட்டம் 50 செ.மீ.