படத்தில் பார்த்த இடத்தை நேரில் கண்டுபிடிப்பது எப்படி? சாக்சனியில் ஒரு செய்முறை

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் இருக்கும் கோர்லிட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, இளஞ்சிவப்பு ஹோட்டல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்படி ஒரு ஹோட்டலே கிடையாது. 2014-இல் வெளிவந்த ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ படத்தில் மலைமேல் தெரியும் அந்த முகப்பு ஒரு சிறு மாதிரி வடிவம். ஆனால் ஹோட்டலின் வரவேற்புக் கூடம் இதே ஊரில்தான் இருந்தது. இந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், கிழக்கு ஜெர்மனியின் எந்தப் படப்பிடிப்பு இடத்தையும் தேடிப் பிடித்துவிடலாம்.

விசா, விமான டிக்கெட், தங்குமிடம் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டன் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: இறுதிப் பெயர்ப்பட்டியலைப் படியுங்கள்

படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். ஜெர்மனியில் படங்களுக்கு நிதி தரும் அமைப்புகள் பெரும்பாலும் மாநில வாரியானவை. பட்டியலில் ‘மிட்டல்டாய்ச்ச மேடியன்ஃபோர்டருங்’ என்ற பெயர் வந்தால் சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், துரிங்கியா ஆகிய மூன்று மாநிலங்களில் தேடத் தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: நிதி வந்ததாலேயே படப்பிடிப்பு அங்கே நடந்ததாகிவிடாது. வரைகலைப் பணிகளுக்காகவும் பணம் தருவார்கள்.

படி 2: காட்சியை மூன்றாகப் பிரியுங்கள்

என்னை அதிகம் இழுத்தடித்த படி இதுதான். ‘இந்தக் காட்சி எங்கே எடுக்கப்பட்டது?’ என்று தேடினால் விடை கிடைக்காது; கிடைத்தாலும் பாதிதான் சரியாக இருக்கும். வெளித்தோற்றம் எங்கே, உட்புறம் எங்கே, பின்னணி எங்கே என்று மூன்று தனிக் கேள்விகளாகக் கேளுங்கள்.

மேலே சொன்ன படத்தில் வரும் லுட்ஸ் மாளிகையையே எடுத்துக்கொள்வோம். வெளித்தோற்றம் ஹைனவால்ட மாளிகை. அது சாக்சனியின் தென்கிழக்கு மூலையில், சிட்டாவ் நகரத்துக்கு அருகில் இருக்கிறது. உட்புறம் வால்டன்பர்க் மாளிகை. அது மாநிலத்தின் மேற்குப் பக்கம், ஸ்விக்காவ் திசையில். படத்தில் ஒருவர் கதவைத் தாண்டி உள்ளே நுழைய ஒரு நொடி போதும். உங்களுக்கு ஏறக்குறைய ஒரு பகல் போய்விடும். ஆகவே இரண்டையும் ஒரே நாள் திட்டத்தில் போடாதீர்கள்.

ஹோட்டல் கூடத்தின் கதை வேறு. கோர்லிட்ஸில் 1913-இல் திறக்கப்பட்ட பல்பொருள் அங்காடி 2009-இல் மூடப்பட்டுக் காலியாகக் கிடந்தது. வண்ணக் கண்ணாடிக் கூரையும் மாடிகளைச் சுற்றி ஓடும் நடைகளும் அப்படியே இருந்தன. படக்குழு அந்தக் கூடத்தில் 1930-களின் அரங்கை அமைத்து, அதற்குள்ளேயே 1960-களின் அரங்கையும் எழுப்பியது. கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததில் எனக்கு வியப்பே இல்லை. ஆனால் இன்று அங்கே போனால் அந்த அரங்குகளில் எதையும் பார்க்க முடியாது, கட்டடம் மட்டும்தான். உள்ளே அனுமதிக்கிறார்களா என்பதை ஓபர்மார்க்ட் சதுக்கத்தில் இருக்கும் சுற்றுலாத் தகவல் மையத்தில் அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வலைப்பதிவுகளை நம்பிப் போகாதீர்கள், இந்தப் பதிவையும் சேர்த்துத்தான்.

படி 3: முகவரி

பயண நிறுவனங்களின் ‘பத்து இடங்கள்’ வகைப் பட்டியல்களை நான் தொடுவதில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அவற்றைவிட ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியல்கள் எவ்வளவோ மேல். தெரு, வீட்டு எண், கட்டிய காலம், பெரும்பாலும் ஒரு புகைப்படமும் இருக்கும். கோர்லிட்ஸில் மட்டும் இப்படிச் சுமார் 4,000 கட்டடங்கள். போரில் ஊர் பெரிதாகச் சேதமடையவில்லை. பிறகு வந்த கிழக்கு ஜெர்மன் அரசிடமோ பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லை. அதனால்தான் ‘தி ரீடர்’ படத்துக்கு மேற்கு ஜெர்மன் நகரமாகவும், 2004-இல் ஜாக்கி சான் நடித்த படத்துக்குப் பாரிஸாகவும் இதே தெருக்கள் நடிக்க முடிந்தது.

கூகுள் ஸ்ட்ரீட் வியூவை இரண்டாவதாகப் பயன்படுத்துங்கள். 2023 வரை ஜெர்மனியில் அதன் படங்கள் சில பெரிய நகரங்களோடு நின்றிருந்தன. இப்போது பரவாயில்லை. ஆனாலும் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் வீட்டை மங்கலாக்கிவிடுவார்கள். நீங்கள் தேடும் வீடு மங்கலாக இருந்தால் பக்கத்து வீட்டின் கூரை விளிம்பை வைத்து அடையாளம் காணுங்கள்.

படி 4: ரயில்

நண்பர்களோடு போனால் ‘சாக்சன் டிக்கெட்’ எடுங்கள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். வட்டார ரயில்களுக்கு மட்டுமே பொருந்தும். பயணிகளின் பெயர்களை எழுத மறக்காதீர்கள். டிரெஸ்டனிலிருந்து கோர்லிட்ஸ் போகும் தடத்திலேயே சிட்டாவ் ரயிலும் கொஞ்ச தூரம் ஓடும் என்பதால் பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

படி 5: கேமரா நின்ற இடத்தில் நில்லுங்கள்

காட்சியை ஒரு சட்டகத்தில் நிறுத்திப் படமெடுத்து, காகிதத்தில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். போனில் வைத்துக்கொண்டால், அதே போனில் எப்படிப் படம் எடுப்பீர்கள்?

அச்சுப் படத்தில் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று அருகில், ஒன்று தொலைவில். அருகில் இருப்பது ஒரு வாசல் வளைவின் ஓரம், தொலைவில் இருப்பது ஒரு கோபுரத்தின் இடது விளிம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் வளைவின் ஓரம் கோபுர விளிம்பைத் தொடுகிறதா? நேரிலும் தொடும்வரை இடம் வலமாக நகருங்கள். பிறகு உயரத்தில் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு முன்னும் பின்னும் நகருங்கள். இரண்டும் பொருந்தும் இடத்தில்தான் கேமரா இருந்திருக்கிறது. அதுவரை ஜூமைத் தொடவே கூடாது. பொருள்கள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்து தெரிகின்றன என்பதை நீங்கள் நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. ஜூம் ஓரங்களை வெட்டுவதோடு சரி.

‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ படத்துக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. 1930-களில் நடக்கும் பகுதி 1.37:1 விகிதத்தில், கிட்டத்தட்டச் சதுரமாக எடுக்கப்பட்டது. போன் கேமராவை 4:3-க்கு மாற்றுங்கள். 16:9-இல் எடுத்துவிட்டு ‘ஏதோ சரியில்லையே’ என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 6: நேரம் இருந்தால் மோரிட்ஸ்பர்க்

டிரெஸ்டனுக்கு வடக்கே இருக்கும் மாளிகை. 1973-இல் செக், கிழக்கு ஜெர்மன் கலைஞர்கள் சேர்ந்து எடுத்த சின்ட்ரெல்லா படம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜெர்மன் தொலைக்காட்சியில் வரும். அதில் வரும் அரண்மனையின் வெளிப்புறக் காட்சிகளுக்கு இந்த மாளிகைதான். செருப்பு விழுந்த படிக்கட்டு எப்போதும் வெளியிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் உள்ளே கண்காட்சி நடக்கும். வார இறுதியில் போவதானால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

வாசகர் ஒருவர் கேட்டது: ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ படத்தில் வரும் மெண்டல் பேக்கரி எங்கே? டிரெஸ்டனில் பாவுட்ஸ்னர் தெருவில் இருக்கும் பழைய பால்கடை, ஃபுண்ட்ஸ் மொல்கரை. சுவர், கூரை, விற்பனை மேசை எல்லாம் கையால் தீட்டிய ஓடுகள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அச்சுப் படத்தைக் கையில் வைத்துக் கண்ணால் ஒப்பிட வேண்டியதுதான்.

இன்னொருவர் கோர்லிட்ஸில் ஆற்றோரக் கோணம் கிடைக்கவில்லை என்றார். பீட்டர் தேவாலயம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் நைஸ ஆற்றின் நடைபாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போங்கள். அது போலந்து. ஷெங்கன் விசா அங்கேயும் செல்லும், ஆனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வரும்போது ஜெர்மன் காவலர்கள் கேட்கலாம்.