அரக்கனைக் காதலிக்க வைக்கும் முன்…

சூனியக்காரிக்கும் சாபத்தில் வெந்து நொந்த அரக்க வீரனுக்கும் காதல் என்று கதை எழுதப் போகிறீர்களா? முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: அவனை எது அடக்கும்? "மந்திர சக்தி" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கையில் எடுக்கக்கூடிய, மணமோ சூடோ உள்ள பொருளாக இருக்கட்டும்.

பைபிளின் தோபித்து நூலைப் பாருங்கள். சாராவை மணந்த ஏழு பேரையும் முதலிரவிலேயே கொன்றுவிடுகிறது அசுமதேயு என்ற பேய். எட்டாவதாக வரும் தோபியா, டைகிரிஸ் ஆற்றில் பிடித்த மீனின் இதயத்தையும் ஈரலையும் தூபத் தணலில் போடுகிறான். அந்த நாற்றம் தாங்காமல் பேய் எகிப்துக்கே ஓடுகிறது. என்ன ஒரு காட்சி! இவ்வளவு பழைய கதையில் மீன் கருகும் வாடை இன்னும் அடிக்கிறது.

இப்போது அந்தத் தணலை உங்கள் நாயகியின் கையில் கொடுங்கள். போட்டால் உயிர் தப்பலாம், ஆனால் அவன் போய்விடுவான். போடாவிட்டால் விடியும்வரை அவனுடைய வெறியோடு ஒரே அறையில் இருக்க வேண்டும். அவள் தயங்கும் அந்த நிமிடத்தை மட்டும் நிதானமாக, இரண்டு பக்கம் எழுதுங்கள். அவனுடைய முன்கதை, யார் சபித்தார், எத்தனை நூற்றாண்டு என்பதெல்லாம் நாலு வரியில் அடங்கிவிடும்.